பே ஏரியாவுல ஜப்பான் தோட்டம்: சான் ஃபிரான்சிஸ்கோவா, ஹகோனேவா, சான் மட்டேயோவா, இல்ல போர்ட்லேண்டுக்கே வண்டிய விடலாமா?

ஊர்ல இருந்து அப்பா அம்மா வந்து மூணு வாரம் ஆச்சு, கோல்டன் கேட் பிரிட்ஜ் பாத்தாச்சு, ஆப்பிள் கூகுள் ஆபீஸ் வாசல்ல நின்னு போட்டோ எடுத்தாச்சு, காஸ்ட்கோவுக்கு மட்டும் நாலு தடவை போயாச்சு, இனிமே எங்க கூட்டிட்டுப் போறதுன்னு முழிச்சிட்டு இருக்கறப்போ கரெக்டா யாராவது ஒருத்தர் சொல்லுவாங்க, ஜாப்பனீஸ் கார்டன் போங்களேன், பெரியவங்களுக்கு ரொம்ப பிடிக்கும்னு. சரிங்க, எந்த ஜாப்பனீஸ் கார்டன்? சொன்னவங்க அதுக்குள்ள அடுத்த பேச்சுக்குப் போயிருப்பாங்க. சான் ஃபிரான்சிஸ்கோவைச் சுத்தின இந்த பே ஏரியாவுக்குள்ளயே உருப்படியா நாலு இருக்கு, நாலும் நாலு விதம். நான் நாலுக்கும் போயிருக்கேன், அதுல ரெண்டுக்கு முதல் தடவை தப்பான நேரத்துல போய் நல்லா பட்டிருக்கேன். பக்கத்து ஸ்டேட் ஓரிகன்ல, போர்ட்லேண்டுல இருக்கறதையும் ஒரு லாங் வீக்கெண்ட்ல பாத்தாச்சு. அதனால எழுதலாம்னு தோணுச்சு.

முதல்ல ஒண்ணு. ஜப்பான் தோட்டம்னா ஊட்டி மலர் கண்காட்சி மாதிரி பூப்பூவா அடுக்கி வெச்சிருப்பாங்கன்னு நெனச்சுட்டுப் போகாதீங்க, எங்கம்மா அப்படித்தான் வந்தாங்க. கல்லு, தண்ணி, பாசி, வருஷக்கணக்கா வெட்டி வெட்டி வளைச்சு வளத்த பைன் மரம், இதுதான் மெயின். பூ சும்மா விருந்தாளி மாதிரி, சீசன்ல வந்துட்டுப் போகும். வழிய வேணும்னே வளைச்சு வளைச்சு விட்டிருப்பாங்க, எங்க நின்னாலும் முழுத் தோட்டமும் கண்ல படாது, ஒரு திருப்பம் திரும்பினா அருவி, இன்னொண்ணு திரும்பினா கல் விளக்கு. இந்த மறைச்சு மறைச்சுக் காட்டற வித்தைக்கு மியெகாகுரேன்னு அவங்க ஒரு பேரே வெச்சிருக்காங்க. அந்தத் திருப்பத்துல உங்களுக்கு முன்னாடி நாப்பது பேர் செல்ஃபி எடுத்துட்டு நின்னா வித்தையெல்லாம் போச்சு. அதனால எது பெருசு எது ஃபேமஸ்னு பாக்கறதை விட, எங்க போனா ஒரு ரெண்டு நிமிஷம் தனியா நிக்க முடியும்னு பாக்கறதுதான் என் கணக்கு.

இன்னொரு கணக்கும் இருக்கு, இது போகப் போகத்தான் எனக்குப் புரிஞ்சுது. ஒரு தோட்டத்தை அந்தக் காலத்துல யாரு எதுக்காகக் கட்டினாங்கன்னு தெரிஞ்சுட்டா, இன்னைக்கு நீங்க போனா உங்களுக்கு எப்படி இருக்கும்னு பாதி தெரிஞ்சிடும்.

சான் ஃபிரான்சிஸ்கோ டீ கார்டனை எடுத்துக்கங்க. 1894ல கோல்டன் கேட் பார்க்ல ஒரு பெரிய பொருட்காட்சி நடந்துச்சு, அதுல ஜப்பான் கிராமம்னு போட்ட செட்டுதான் இது. ஐடியா ஜார்ஜ் டர்னர் மார்ஷ்னு ஒரு வியாபாரியோடது, ஆஸ்திரேலியாவுல பொறந்தவர், ஜப்பான் சாமான் வித்துட்டு இருந்தவர். ஆக ஆரம்பமே ஷோதான், கூட்டத்தைக் கூட்டத்தான் கட்டினது, இன்னைக்கு வரைக்கும் கூட்டம் கூடிட்டே இருக்கு. பொருட்காட்சி முடிஞ்சதும் மகோதோ ஹகிவாரான்னு ஒரு ஜப்பான்காரர், பார்க் சூப்பரிண்டென்டெண்ட் ஜான் மக்லாரென் கிட்ட பேசி, இதை நிரந்தரத் தோட்டமா ஆக்கறேன்னு எடுத்துக்கிட்டார். குடும்பத்தோட உள்ளயே வீடு கட்டி இருந்து, ஒரு ஏக்கரா இருந்ததை அஞ்சு ஏக்கர் கிட்ட ஆக்கினாங்க, சொந்தக் காசையும் நிறைய போட்டாங்க. ஃபார்ச்சூன் குக்கியை, அதான் உள்ள ஜோசியச் சீட்டு வெச்ச பிஸ்கட்டை, அமெரிக்காவுல முதல்ல குடுத்தது இவர்தான்னு கூட சொல்லுவாங்க, அதுக்கு உரிமை கொண்டாடறவங்க வேற ஆளுங்களும் இருக்காங்க. அவர் 1925ல போயிட்டார். 1942ல ஜப்பானோட யுத்தம் நடந்தப்போ ஜப்பான் வம்சாவளிக்காரங்களை எல்லாம் முகாமுக்கு அனுப்பினாங்க இல்லையா, அப்போ அவர் மக, பேரப்பிள்ளைங்கன்னு மொத்தக் குடும்பத்தையும் வெளிய அனுப்பிட்டாங்க. வீட்டை இடிச்சிட்டாங்க, தோட்டத்துக்குப் பேரையே ஓரியண்டல் டீ கார்டன்னு மாத்திட்டாங்க, பழைய பேரு திரும்ப வந்தது 1952ல. அந்தக் குடும்பம் திரும்பி வந்து குடியிருக்கவே இல்ல. அம்பது வருஷம் தண்ணி ஊத்தி வளத்த இடம். வெளிய இருக்கற ரோட்டுக்கு மட்டும் இப்போ ஹகிவாரா பேரு வெச்சிருக்காங்க. அப்பாகிட்ட இந்தக் கதைய சொன்னப்போ அவர் ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல.

ஆக கதைன்னு பாத்தா இதை அடிச்சுக்க ஆளில்ல. ஆனா நாங்க போனது ஆகஸ்ட் மாசம் சனிக்கிழமை மத்தியானம் ரெண்டு மணிக்கு, தப்பு முழுக்க என்னோடதுதான். சன்னிவேல்ல வெயில் பொளக்குதுன்னு அம்மா காட்டன் புடவையில வந்துட்டாங்க, அங்க போனா பனிமூட்டம், குளிர் காத்து, கார்ல கெடந்த பிள்ளையோட போர்வைய எடுத்துப் போத்தி விட்டேன். (சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு எந்த மாசம் போனாலும் ஜாக்கெட் எடுத்துக்கங்க, இதைப் புதுசா வர்றவங்களுக்கு எத்தனை தடவை சொன்னாலும் கேக்க மாட்டாங்க, நானே கேக்கல.) உள்ள போனா எல்லாரும் அந்த டிரம் பிரிட்ஜ் முன்னாடிதான். அது பாலமே இல்லைங்க, ஏணிய வில்லா வளைச்சு வெச்ச மாதிரி இருக்கும். பாதி வட்டம் மேல, தண்ணியில தெரியற நிழல் மீதிப் பாதி, ரெண்டும் சேந்தா முழு வட்டமா மத்தளம் மாதிரி தெரியும், அதான் அந்தப் பேரு. அடியில படி செங்குத்தா நிக்குது, கையால பிடிச்சுதான் ஏறணும், சின்னப் பசங்க குரங்கு மாதிரி ஏறுதுங்க. அம்மா ஒரு பார்வை பாத்தாங்க. "இதுல ஏறணும்னா எனக்குப் பத்து வயசு இருக்கணும் கண்ணா, நீ போயிட்டு வா"ன்னு பக்கத்துல ஒரு கல்லுல உக்காந்துட்டாங்க.

அதுக்கு மேல போனா பெரிய வெண்கல புத்தர், 1790ல ஜப்பான்ல வார்த்தது, மேல கூரை கிடையாது, வெயிலும் மழையும் பட்டுக்கிட்டே உக்காந்திருக்கார், அவர் பேருக்கு அர்த்தமும் அதுதானாம். சிவப்பா ஒரு அஞ்சடுக்கு பகோடா, அது 1915ல இதே ஊர்ல நடந்த இன்னொரு பொருட்காட்சியில இருந்து தூக்கிட்டு வந்தது. நாகாவோ சகுராய்னு ஒருத்தர் 1953ல போட்ட ஜென் தோட்டம் ஒண்ணு இருக்கு, தண்ணிக்குப் பதிலா சரளையும் கல்லும்தான், கூட்டத்துல பாதிப் பேர் அதைக் கவனிக்காமலே தாண்டிப் போறாங்க. இந்த சகுராய் பேரை ஞாபகம் வெச்சுக்கங்க, திரும்ப வருவார்.

ரெண்டாவது தடவை நான் மட்டும் புதன்கிழமை காலையில 9 மணிக்குப் போனேன். திங்கள், புதன், வெள்ளி பத்து மணிக்கு முன்னாடி போனா டிக்கெட் கிடையாது, சிட்டிக்குள்ளயே குடியிருக்கறவங்களுக்கு ஐடி காட்டினா எப்பவுமே ஃப்ரீ. அதே தோட்டம்தானான்னு சந்தேகம் வந்துடுச்சு. தண்ணி சத்தம் கேக்குது, பைன் மரத்துல இருந்து பனி சொட்டற சத்தம் கூட கேக்குது. முக்கால் மணி நேரம்தான், பத்து ஆனதும் பஸ் பஸ்ஸா வந்து இறங்கிட்டாங்க. அதனால சான் ஃபிரான்சிஸ்கோன்னா அந்த 9ல இருந்து 10, அதை விட்டா வேண்டாம், அவ்ளோதான் என் தீர்ப்பு. வெளிய வந்து பக்கத்துலயே டி யங் மியூசியம் டவர்ல ஃப்ரீயா லிஃப்ட்ல ஏறி ஊரையே பாக்கலாம், பெரியவங்களுக்கு அது டீ கார்டனை விட பிடிச்சாலும் ஆச்சரியப்படறதுக்கில்ல.

அடுத்து ஹகோனே. சாரடோகாவுல மலையடிவாரத்துல, குபர்டினோவுல இருந்து கால் மணி நேரம். பதினஞ்சு வருஷமா சவுத் பேல இருந்துட்டு இதுக்குப் போகாத தமிழ்க் குடும்பம் எனக்கே அஞ்சாறு தெரியும். இதைக் கட்டினது இசபெல் ஸ்டைன்னு ஒரு பணக்கார அம்மா. 1915 பொருட்காட்சிய பாத்துட்டு, ஜப்பானுக்கும் போயிட்டு வந்து, ஹகோனேங்கற மலை ஊரு மனசுல ஒட்டிக்கிச்சு, அந்தப் பேரையே வெச்சு லீவுக்கு வந்து தங்கறதுக்காகக் கட்டின வீடு. ஜப்பான்ல இருந்து வந்த ஷிந்தானி வீட்டைக் கட்டினார், அய்ஹாரா தோட்டத்தைப் போட்டார். கை மாறி கை மாறி 1966ல சாரடோகா சிட்டியே வாங்கிடுச்சு, இல்லேன்னா இன்னைக்கு அங்க பத்து மில்லியன் டாலர் வீடுங்கதான் நின்னிருக்கும்.

வீட்டுத் தோட்டமா கட்டினதால, கேட்டுக்குள்ள நுழைஞ்சா ஒரு பெரிய மனுஷர் வீட்டுக்கு விருந்துக்குப் போன மாதிரிதான் இருக்கும். மொத்தம் 18 ஏக்கர்னு சொல்லுவாங்க, அதைக் கேட்டு பயந்துடாதீங்க, பாதிக்கு மேல சும்மா மலைச்சரிவும் மரமும்தான், நாம சுத்தறது குளத்தை ஒட்டின பகுதி. குளம், அருவி, கோய்ங்கற கலர் கலரான கெண்டை மீன், சரிவுல மேல நிலா பாக்கறதுக்குன்னே ஒரு வீடு. பின்னாடி காட்டு மலை, அதுக்கும் தோட்டத்துக்கும் நடுவுல வேலி எங்கன்னே தெரியாது, மலையும் தோட்டத்தோடதுதான்னு நம்மள நம்ப வெச்சிடறாங்க. சிட்டி நடுவுல இருக்கற தோட்டத்துக்கு இந்தக் கொடுப்பினை வராது.

நாங்க ஒரு வாரநாள்ல லீவு போட்டு, கேட் திறந்ததும் உள்ள போனோம். அப்பா பொதுப்பணித்துறையில வாய்க்கால், மதகுன்னே வாழ்க்கைய ஓட்டினவர், ரிட்டையர் ஆகி 9 வருஷம் ஆகுது. குளத்துல தண்ணி எங்கிருந்து வருது எங்க போகுதுன்னு கண்டுபிடிக்காம அந்த இடத்தை விட்டு நகர மாட்டேன்னுட்டார். குனிஞ்சு குனிஞ்சு கல்லுக்கு நடுவுல தேடறார். அருவியில ஒவ்வொரு கல்லையும் தண்ணி ஒரு சத்தம் போடற மாதிரி பாத்து வெச்சிருக்கான்டா, மேல ஒரு கல்லை அரை அடி முன்னாடி தள்ளி வெச்சிருக்கான் பாரு, அதான் தண்ணி சுவத்தை ஒட்டி வழியாம தனியா விழுதுன்னு எனக்குப் பாடம் எடுக்கறார். இருபது நிமிஷம் ஒரே அருவி. அம்மா அந்தப் பக்கம் ஜென் தோட்டத்துல, சரளையில சீப்பால இழுத்த மாதிரி கோடு கோடா போட்டிருக்கறதைப் பாத்துட்டு, "இதை டெய்லி காலையில போடறாங்களா?"ன்னு கேட்டாங்க. தினமுமான்னு தெரியலம்மா, ஆனா கலைஞ்சா திரும்ப இழுப்பாங்கன்னேன். "அப்போ நம்ம வாசல்தான், புள்ளி வெக்கத் தெரியல அவங்களுக்கு"ன்னுட்டு நடந்துட்டாங்க.

மைனஸும் சொல்லிடறேன். டிக்கெட் உண்டு. பார்க்கிங் சின்னது, வீக்கெண்ட்ல கல்யாணம் ஏதாவது புக் ஆகியிருந்தா இன்னும் கஷ்டம். குளத்தைச் சுத்தி வர்றது பரவால்ல, ஆனா நிலா வீட்டுக்கும் மேலயும் போகணும்னா படி, அதுவும் ஒழுங்கு இல்லாத கல் படி. அம்மாவுக்கு ரெண்டு முட்டியும் தேய்மானம், பாதியிலயே நின்னுட்டாங்க. ஸ்ட்ரோலர் தள்ளிட்டு வந்த ஒரு குடும்பம் பட்ட பாட்டை வேற பாத்தேன், கைக்குழந்தைன்னா இடுப்புல தூக்கிட்டுப் போற வழிய பாருங்க. மூங்கில் தோட்டம் ஒண்ணு இருக்கு, கியோத்தோ பக்கத்துல இருக்கற முகோங்கற ஊரோட உறவுல 1987ல வந்தது, அதை விட்றாதீங்க. ஏப்ரல்ல போனா பந்தல்ல விஸ்டீரியா பூ ஊதா சரமா தொங்கும், பூ கேக்கற அம்மாக்களை அப்போ கூட்டிட்டுப் போனா வாயை அடைச்சிடலாம். கிழமை, நேரம் மாத்தறாங்க, கிளம்பறதுக்கு முந்தின நாள் வெப்சைட்டுல பாத்துக்கங்க.

சான் ஹோசே கெல்லி பார்க் தோட்டத்தைப் பத்தி சீக்கிரம் சொல்லிடறேன். சான் ஹோசேவும் ஜப்பான்ல ஒகயாமாவும் 1957ல இருந்து சகோதர நகரங்கள், அந்த உறவுக்கு அடையாளமா 1965ல திறந்தது, ஆறு ஏக்கர் கிட்ட. ஒகயாமாவுல இருக்கற கோராக்குவென் தோட்டத்தோட சாயல்ல போட்டது. அதுவே விசாலமான புல்வெளித் தோட்டம்தான், அதனால இங்க போயி இருட்டு, பாசி, அமைதின்னு தேடாதீங்க, வெட்டவெளி, ஜூலையில வெயில் மண்டையப் பொளக்கும். இந்தத் தோட்டத்துக்கு அடி மேல அடி வேற, 2009ல வைரஸ் வந்து கோய் மீன்ல பெரும்பாலானது செத்துப் போச்சு, 2017 பிப்ரவரியில கொயோட்டி ஓடை பெருகி வெள்ளம் உள்ள பூந்துடுச்சு. என்ட்ரி ஃப்ரீ, பார்க்கிங்குக்குக் காசு. பக்கத்துலயே ஹாப்பி ஹாலோ, சின்ன ஜூவும் ரைடும் இருக்கு, அதனால சின்னப் பசங்களோட போறீங்கன்னா இதுதான், பசங்க அங்க, பெரியவங்க இங்க. தோட்டத்துக்குன்னே போகணும்னா நான் போக மாட்டேன்.

இப்போ சான் மட்டேயோ. யாரும் லிஸ்ட்லயே சேக்க மாட்டாங்க, டவுன்டவுன் பக்கத்துல சென்ட்ரல் பார்க்குக்குள்ள ஒரு மூலையில இருக்கு, மொத்தமே ஒரு ஏக்கர்தான், ஃப்ரீ. நானும் முதல்ல இவ்ளோதானான்னு நெனச்சேன். ஆனா இதைப் போட்டது யாருன்னு பாத்தா அதே நாகாவோ சகுராய், டோக்கியோ அரண்மனைத் தோட்டத்துல வேலை பாத்தவர். 1966ல திறந்தாங்க, சகோதர நகரம் டொயோனாகா குடுத்த கருங்கல் பகோடா உள்ள நிக்குது. கைதேர்ந்தவர் கையில ஒரு ஏக்கர் என்ன ஆகும்னு இங்க போனா தெரியும். குளத்துக்கு நடுவுல தீவு, சின்னப் பாலம், வழி வளைஞ்சு வளைஞ்சு போறதுல நாம ஒரே குளத்தைத்தான் நாலு பக்கத்துல இருந்து பாக்கறோம்ங்கறதே உறைக்காது. சமதளம், பெஞ்ச் இருக்கு, வாக்கர் வெச்சிருந்தாலும் சமாளிக்கலாம். குறைன்னா ஊருக்கு நடுவுல இருக்கறதால பக்கத்து கிரவுண்ட் சத்தம், ரோட்டு சத்தம் கேக்கும், அப்புறம் சுத்திப் பாத்து முடிக்க அரை மணி நேரம்தான். பெட்ரோல் போட்டு ஃப்ரீமான்ட்ல இருந்து இதுக்குன்னே வரலாமான்னா, வேண்டாம். ஏர்போர்ட்டுக்குப் போற வழியில நேரம் இருக்குன்னா கண்டிப்பா.

சரி போர்ட்லேண்ட். ஜப்பானுக்கு வெளிய இதுதான் ஒரிஜினல் மாதிரின்னு ஜப்பான் தூதரா இருந்த ஒருத்தரே சொன்னதா எங்க படிச்சாலும் வரும். பாத்தவன்ங்கற முறையில சொல்றேன், நியாயமான பேச்சுதான். பழைய ஜூ இருந்த இடத்துல டக்குமா டோனோங்கற டோக்கியோ பேராசிரியர் 1963ல டிசைன் பண்ணினார், 1967ல ஜனங்களுக்குத் திறந்தாங்க. வாத்தியார் போட்ட தோட்டம்னு பாத்தாலே தெரியும், குளத்தைச் சுத்தி நடக்கறது, டீ குடிக்கப் போற வழி, மணலும் கல்லும், சமதளம், இயற்கையா விட்டதுன்னு அஞ்சு வகையையும் அடுத்தடுத்து வெச்சிருக்கார், ஒரே நாள்ல அஞ்சு பாடம் முடிஞ்சிடும். 2017ல கெங்கோ குமாங்கற ஆர்க்கிடெக்ட் புதுக் கட்டடங்களைச் சேத்தார். மூங்கில் குழாய்ல தண்ணி ரொம்பி ரொம்பி டொக்குனு கல்லுல அடிக்கற ஒண்ணு இருக்கு, மான் விரட்டறதுக்காக விவசாயிங்க கண்டுபிடிச்சதாம், எங்க நின்னாலும் அந்த டொக் காதுல விழுந்துட்டே இருக்கும். ஒரே ஒரு மேப்பிள் மரம் இருக்கு, அக்டோபர் கடைசியில நெருப்பு மாதிரி ஆயிடும், அதை அடியில இருந்து போட்டோ எடுக்க மனுஷங்க தரையில படுத்துக்கறாங்க, அதுக்கு ஒரு க்யூ வேற.

ஆனா கணக்குப் போட்டுப் பாருங்க. அறுநூத்துச் சொச்சம் மைல், கார்னா பத்து மணி நேரம் கிட்ட. ஃப்ளைட்னா ரெண்டு மணி நேரத்துக்குள்ள, ஆனா நாலு பேர் டிக்கெட், ஹோட்டல், வாடகைக் கார். இறங்கினா தோட்டமே மலை மேல, டிக்கெட் குடுக்கற இடத்துல இருந்து மேல ஏறணும், ஷட்டில் விடறாங்க. தோட்டத்துக்காக மட்டும் அப்பா அம்மாவை அவ்ளோ தூரம் இழுத்துட்டுப் போறதை நான் சொல்ல மாட்டேன். ஓரிகன் ட்ரிப் எப்படியும் போறீங்க, அருவி எல்லாம் பாக்கறீங்கன்னா அரை நாள் ஒதுக்குங்க, எதிர்லயே ரோஸ் கார்டன் ஃப்ரீ, ஜூன் மாசம் போனா பூவுக்கும் பூ ஆச்சு. உங்களுக்கு நெஜமாவே இந்த ஜப்பான் தோட்டக் கலையில ஆர்வம்னா அது வேற கதை, அப்போ தனியா போங்க, ரெண்டு நாள் போங்க, மழை தூறுனா இன்னும் நல்லது, பாசி எல்லாம் பச்சைப் பசேல்னு எழுந்து நிக்கும்.

எல்ஏ, அதான் லாஸ் ஏஞ்சலஸ் போறவங்க அங்க இருக்கற ஹன்டிங்டன் தோட்டத்தைக் கேப்பாங்க. ரயில்வே பணக்காரர் ஹென்றி ஹன்டிங்டன் தன் தோட்டத்துக்கு ஜப்பான் வீட்டை எங்கிருந்து வாங்கினார் தெரியுமா, பாசடேனாவுல நஷ்டத்துல ஓடிட்டு இருந்த ஒரு டீ கார்டன்ல இருந்து, அதை நடத்தினது நம்ம ஜார்ஜ் டர்னர் மார்ஷேதான். 2023ல மருகமேங்கற ஊர்ல இருந்து முந்நூறு வருஷத்துப் பழைய ஊர்த்தலைவர் வீட்டைப் பிரிச்சுக் கொண்டாந்து மறுபடி கோத்து நிக்க வெச்சிருக்காங்க, அப்பா மாதிரி ஆளுங்களுக்கு அது ஒண்ணே போதும். டிக்கெட் விலை ஜாஸ்தி, செவ்வாய்க்கிழமை லீவு.

ஆக என் கிட்ட கேட்டா, படி ஏற முடியும், ஒரே ஒரு தோட்டம்தான் பாக்க நேரம்னா ஹகோனே, வாரநாள் காலை, யோசிக்கவே வேண்டாம். முதல் தடவை அமெரிக்கா வந்தவங்க, எப்படியும் சிட்டி சுத்தப் போறாங்கன்னா டீ கார்டன், ஆனா 9 மணிக்கு, ஹகிவாரா கதைய கார்லயே சொல்லிடுங்க. பேரன் பேத்தி பட்டாளம்னா கெல்லி பார்க். முட்டி வலின்னா சான் மட்டேயோ.

எங்க வீட்டுல கடைசியில ஜெயிச்சது சான் மட்டேயோதான், நான் கொஞ்சமும் எதிர்பாக்கல. ஸ்டேஷன்ல இருந்து நடந்தே போயிடலாம்ங்கறதால அப்பா கால்ட்ரெயின் பாஸ் போட்டுக்கிட்டார், என்னை எதிர்பாக்காம ரெண்டு பேருமே சன்னிவேல்ல ஏறிப் போயிடறாங்க, தயிர் சாதம் கட்டிட்டு, வாரத்துக்கு ஒரு தடவை. ஒரே ஒரு வம்புதான். கோய் மீனைப் பாத்ததுல இருந்து அம்மாவுக்கு நம்ம கோயில் குளம் ஞாபகம், பொரி போடணும்னு கை துடிக்குது. நாமளா எதுவும் போடக்கூடாதும்மா, மீனுக்கு ஆகாதுன்னு சொல்லிட்டேன், தலைய ஆட்டினாங்க. போன வாரம் இண்டியன் ஸ்டோர் பில்லைப் பாத்தா பொரி ரெண்டு பாக்கெட். வீட்டுல ஒரு பாக்கெட்தான் இருக்கு.